முதல் சொட்டு

மயில்சாமி அந்தப் பிளாஸ்டிக் டப்பாவை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கினார்.

"நோவு அவளுக்கு. டப்பா எனக்கா?" என்றார், ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

குன்னூர் மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலில் முதல் ஆளாக நிற்பவர். அவர் மனைவி மனிஷா பெஞ்சின் ஓரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதத்தில் இரண்டு முறை மருந்து கொடுத்தும் அவளுக்குக் கிருமி திரும்ப வந்துவிட்டது. இன்னும் இப்படியே போனால் பிள்ளை பிறப்பதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆண்களுக்கு எரிச்சல், வலி எதுவும் இல்லாமலேயே அது உள்ளே இருக்கும்; சேர்ந்து படுத்தால் மனைவிக்கு ஒட்டும். வீட்டுக்காரரின் சிறுநீரையும் பார்த்தாக வேண்டும்.

லேப்பில் இருந்த நாஜ்னீன் இந்த மாதிரி ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறாள். மனசுக்குள் அவர்களுக்கு அவள் வைத்திருந்த பெயர் 'மகான்கள்'. கண்ணுக்குத் தெரியாத எதுவும் தங்கள் மேல் ஒட்டாது என்று நம்புகிற மகான்கள்.

மகான் திரும்பி வந்தார். டப்பா விளிம்புவரை நிரம்பியிருந்தது. அதில் அவருக்குப் பெருமை வேறு.

"போதுமா அம்மணி? இன்னும் வேணுமா?"

"முதல்ல வந்ததைப் புடிச்சீங்களா?"

"முதல்ல வர்றது அழுக்கு. அதை விட்டுப்போட்டு நடுவுலதான் புடிச்சேன். யூரின் டெஸ்டுக்கு எத்தனை தடவை போயிருக்கறேன், எனக்குத் தெரியாதா?"

நாஜ்னீனுக்குச் சிரிப்பும் அருவருப்பும் சேர்ந்து வந்தன. கிருமி இருந்தால் அந்த முதல் சொட்டில்தான் இருக்கும். அதைச் சுத்தம் என்ற பெயரில் கக்கூசில் விட்டுவிட்டு, பிடிக்கத் தேவையில்லாததை வழிய வழியக் கொண்டுவந்து நீட்டுகிறார். மனிதர் சாமி கும்பிடுவதும் இப்படித்தான் இருக்கும்.

இதையே கோயம்புத்தூரில் இருக்கும் பெரிய லேப்புக்கு அனுப்பினால் ஒன்றுமில்லை என்று வந்துவிடவும் கூடும். அந்தக் காகிதத்தை இவர் மனிஷாவின் முகத்தில் வீசுவார். பழி முழுதும் அவள் தலையில் விழும். மூன்றாவது முறையும் கிருமி வரும்.

வராந்தாவே கேட்கும்படி நாலு வார்த்தை விட நாக்கு துறுதுறுத்தது. ஆனால் தலைகுனியப்போவது அவரல்ல, அந்தப் பெண். நாஜ்னீன் அவர் அருகே போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இது ஆகாதுங்க. ஒரு மணி நேரம் ஒண்ணுக்குப் போகாம உக்காருங்க. அப்புறம் முதல்ல வர்றதைக் கொஞ்சமாப் புடிச்சுக் குடுங்க."

"எனக்கு ஒரு சீக்கும் இல்ல."

"அப்ப உக்கார்றதுல என்னங்க கஷ்டம்?"

அவள் மெல்லப் பேசியதால் அவரும் கத்த முடியாமல் நின்றார். மனிஷா பெஞ்சில் நகர்ந்து இடம்விட்டாள். மூடுபனி வராந்தாவுக்குள் ஏறியிருந்தது. தன் சால்வையை எடுத்து அவர் முழங்காலில் போட்டாள்.

"குளுந்தா உங்களுக்கு அடக்க முடியாதுங்களே" என்றாள்.

அவர் அந்தச் சால்வையைத் தள்ளவும் இல்லை, அவளைப் பார்க்கவும் இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. கிருமி இருந்தது.

மயில்சாமி காகிதத்தை எட்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார். "மெஷினுக்கு என்ன தெரியும்?" என்று ஆரம்பித்தவர் மனிஷாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எகிறியிருப்பார்.

"நீயும் நானும் ஒண்ணாவே மாத்திரை ஆரம்பிக்கோணுமாம்" என்றார் கடைசியில், சுவரைப் பார்த்து. "உனக்கு... என்னாலதான் போல."

அவ்வளவுதான் அவரால் முடிந்தது. நாஜ்னீனுக்கு அவர் மேல் மரியாதை ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனாலும் உள்ளே போய்த் தண்ணீரைச் சூடாக்கி, அவர்கள் மாத்திரை போட்டுக்கொள்ள இரண்டு தம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தாள்.