பாறுகள் மேல் எறிந்த கல்

மலையடிவார ஊரிலிருந்து பழனியாத்தாள் போன் செய்தபோது காலை எட்டு மணி இருக்கும். என் கணவர் தேவானந்தம் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மாட்டுக்கு மருந்து கேட்டு இன்னும் அவருடைய எண்ணுக்குத்தான் அழைத்துக்கொண்டிருந்தார்கள். நான் எடுத்து, அவர் இல்லை என்று சொல்வேன். சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தேன்.

“சார் இல்லீன்னு தெரியுமுங்க அம்மணி. சும்மா சொல்லலாம்னு கூப்புட்டேன். எங்க செவலை மாடு நேத்துப் பொழுதோட போயிருச்சுங்க. மூணு நாளா எந்திரிக்கவே இல்லை. கடைசியா ஊசி போட்டோமுங்க. ஒரு கத்துக்கூடக் கத்தலை.”

“என்ன ஊசிங்க?”

“சாரு அந்தக் காலத்துல போடுவாரே, அதேதானுங்க. காலி பாட்டிலை மாடத்துல பத்திரமா வெச்சிருந்தனுங்க. அதைக் கொண்டுபோயிக் கடையில காட்டுனேன். மாட்டுக்கு இப்ப வர்றதில்லை, மனுசருக்குப் போடறது இருக்குதுன்னு குடுத்தாங்க.”

“மாட்டைப் புதைச்சாச்சுங்களா?”

“மண்ணு பாறையாட்டங் கெடக்குது. யாருங்க தோண்டறது? பள்ளத்துலதான் இழுத்துப் போட்டிருக்குது.”

“கிட்ட யாரையாச்சும் நிக்கச் சொல்லுங்க. நான் வாரேன்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

அந்தியூரில் முப்பது வருடம் என் கணவர் கால்நடை மருந்துக் கடை வைத்திருந்தார். மலையடிவார ஊர்களுக்கு வண்டியில் போய் ஊசியும் போடுவார். வளர்த்த மாட்டைக் கறிக்கு அனுப்ப மனம் வராதவர்கள் அங்கே நிறைய. “வலி தெரியாமப் போகட்டுமுங்க” என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். அவர் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தைப் போடுவார். மாடு அமைதியாகிவிடும். செத்ததும் பள்ளத்தில் இழுத்துப் போடுவார்கள். பாறுக்கழுகுகள் இறங்கி ஒரே பகலில் எலும்பை மட்டும் விட்டுவைக்கும். நான் கல்யாணமாகி வந்த வருடம் ஒரு மாட்டின் மேல் முப்பதுக்குக் குறையாமல் பார்த்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியதற்கு அவர் வெகுநாள் கேலி செய்தார்.

அந்த மருந்து ஊறிய இறைச்சியைத் தின்றால் பாறுகளுக்குச் சிறுநீரகம் கெட்டு, ஓரிரு நாளில் செத்துவிடும் என்று பிறகுதான் கண்டுபிடித்தார்கள். 2006இல் மாடுகளுக்கு அதைத் தடை செய்தார்கள். அதற்குள் நாடு முழுக்க நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் மிச்சம். செய்தித்தாளில் படித்த அன்று அவர் சாப்பிடவில்லை.

“எல்லாரும்தானுங்களே போட்டாங்க” என்றேன்.

“இல்ல அற்புதம், அந்தப் பள்ளத்துல நான்தானே போட்டேன்.”

அதன் பிறகு அவர் வேறு மருந்துதான் போட்டார். ஆனாலும் வானத்தைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் ஜன்னல் பக்கம்தான் கட்டில் கேட்டார். கண் மங்கியிருந்தது. என்னைப் பார்க்கச் சொல்வார்.

“வால் பொளந்திருக்குதா பாரு.”

“பொளந்திருக்குதுங்க.”

“அப்பப் பருந்து, பாறு இல்லை” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கடைசி வாரம் அவருக்கு வலி தாங்கவில்லை. நானே போய் நர்ஸிடம் ஊசி கேட்டேன். போட்டார்கள். தூங்கினார். பிறகு எழவில்லை. அதனால்தான் அன்று போனில் பழனியாத்தாளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

நான் போனபோது மாட்டின் மேல் இரண்டு முள்கிளைகள் கிடந்தன. நாய்கள் வயிற்றைக் கிழித்திருந்தன. பழனியாத்தாள் குடை பிடித்து நின்றாள். தென்னந்தோப்பில் ஓடும் ஜேசிபி மதியம்தான் வருமாம். நான் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன். நான் பள்ளிக்கூட டீச்சர் என்பதை வைத்து அவள் கேலி செய்தாள்.

“ஏனுங்க டீச்சரம்மா, செத்த மாட்டுக்குக் காவலா? நாயி வந்தா ஆனா ஆவன்னா சொல்லிக் குடுப்பீங்களா?”

“உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருந்தா அந்த பாட்டிலைப் படிச்சிருப்பீங்க.”

“அது சரிதானுங்க” என்று சிரித்தாள்.

பதினோரு மணி சுமாருக்கு மலைப் பக்கமிருந்து ஐந்து பறவைகள் வந்தன. சிறகை அசைக்கவே இல்லை. என்னையறியாமல் வாலைப் பார்த்தேன். பிளந்திருக்கவில்லை. பாறுகள்தான். சொல்ல ஆளில்லாமல், அவருடைய போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். ஒன்று தாழ வந்து பத்தடி தள்ளிப் பாறையில் உட்கார்ந்தது. வெற்றுக் கழுத்து, கழுத்தடியில் வெள்ளைப் பிசிறு. மாட்டை நோக்கி ஒரு எட்டு வைத்தது.

கல்லை எடுத்து எறிந்தேன். படவில்லை. இன்னொன்று எறிந்தேன். “போ! போ!” என்று கத்தினேன்.

“பாவமுங்க, பசியில வந்திருக்குது. தின்னா என்னங்க?”

“தின்னா செத்துப்போயிருமுங்க. அந்த ஊசிதான் காரணம். இத்தனை வருசமா இந்தப் பக்கம் வராததுக்கும் அதேதான்.”

அவள் குடையை மடக்கினாள். “அப்ப நம்ம சாரு போட்டது…”

இதற்குத்தான் நான் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தேன். அவர் பேரைச் சொன்னால் இன்றும் அந்த ஊர்களில் கும்பிடுவார்கள்.

“சாரு போட்டதும்தானுங்க. தெரியாமப் போட்டது. தெரிஞ்சப்புறம் அவரு சரியாத் தூங்குனதே இல்லை.”

அவள் குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கினாள். இரண்டு பேரும் மாற்றி மாற்றி எறிந்தோம். என் தோள்பட்டை விட்டுப்போயிற்று. பறவைகள் எழும்பும், சற்றுத் தள்ளி உட்காரும், மறுபடி வரும். கோபம்கூட இல்லை அவற்றுக்கு. பசிதான்.

ஜேசிபி இரண்டு மணிக்கு வந்து ஆழமாகத் தோண்டி மாட்டைத் தள்ளி மூடியது. ஐந்தும் அதையும் பாறைமேல் இருந்து பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக மேலேறி மலைப் பக்கம் போயின.

பஸ்ஸுக்கு நடக்கும்போது பழனியாத்தாள் என் கையைப் பிடித்தாள்.

“அம்மணி, ஒண்ணு சொல்லோணுமுங்க. இன்னிக்கு விடியக்காலம் ஒண்ணு மாட்டு மேல உக்காந்திருந்துது. நான் கழுகுன்னுகூட நெனைக்கலை. தின்னுதா, சும்மா உக்காந்திருந்துதான்னு பாக்கலீங்களே.”

“இந்த அஞ்சுல ஒண்ணா?”

“தெரியலீங்க.”

பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் வரை பழனியாத்தாளுக்குப் போன் செய்து, பாறைப் பக்கம் ஏதாவது விழுந்து கிடக்கிறதா என்று கேட்டேன். ஒன்றையும் காணோம் என்றாள். மலைக்குள் போய் விழுந்திருந்தால் அவளுக்கு எப்படித் தெரியும்.