பொட்டில்லாத கொக்கு

இரண்டாயிரத்து மூன்றில் ஆரணி நெசவாளர் சங்கம் ஒரு கூடத்தில் கம்ப்யூட்டர், ஸ்கேனர், அட்டை குத்தும் இயந்திரம் மூன்றையும் வைத்தது. உறுப்பினர் யாரும் டோக்கன் வாங்கிப் பயன்படுத்தலாம். வரைந்த படத்தைக் கம்ப்யூட்டர் கட்டம் கட்டமாகப் பிரிக்கும்; இயந்திரம் அட்டையில் துளை போடும்; அட்டையைத் தறிமேல் ஏற்றினால் படம் சேலைக் கரையாகிவிடும்.

பதினோரு வருஷமாக அடுத்தவர் வரைந்த மாங்காய்க் கரையையே நெய்துவந்த ஜெயம், ஏரிக் கொக்கு ஒன்றை வரைந்து பட்டு வியாபாரி ஜினசந்திரனிடம் காட்டினாள்.

"காகிதத்துல எல்லாம் அழகாத்தான் இருக்கும். வெள்ளிக்கெழமக்குள்ள தறில நெய்து காட்டு. புடிச்சா உன் கொக்கு. இல்லாட்டி பழையபடி மாங்கா."

அவளுக்குக் கிடைத்த டோக்கன் ஆயுதபூஜைக்கு மறுநாள். கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் குப்புராஜ் பூஜையில் குறை வைக்காதவர். மானிட்டர், மவுஸ், இயந்திரம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், ஸ்கேனர் மனம் நோகக்கூடாதென்று மூடியைத் திறந்து கண்ணாடிக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார். அவரே ஜெயத்தின் படத்தை ஸ்கேன் செய்து அட்டை குத்திக் கொடுத்தார்.

புதன்கிழமை தறியில் ஒரு சாண் ஏறியதும் கணவன் ஜெயவேல் குனிந்து பார்த்தான்.

"இன்னாடி, கொக்கு பொட்டு வெச்சிகினு எங்க கெளம்பிடுச்சு?"

ஒவ்வொரு கொக்கின் நெற்றியிலும் வட்டமாக ஒரு ஜரிகைப் புள்ளி! ஜெயம் கூடத்துக்கு ஓடினாள்.

"கம்ப்யூட்டர்லயே பொட்டப் பாத்தேன்மா," என்றார் குப்புராஜ். "அடுத்தவங்க டிசைன்ல நான் கை வெக்கமாட்டேன்."

"ஸ்கேனர் கண்ணாடியத் தொடச்சிட்டு ஜல்தியா இன்னொரு தபா போட்டுக் குடுங்கண்ணே."

"பூஜைப் பொட்டத் தொடைக்கறதா? தானா உதிரணும். உனக்கும் அடுத்த டோக்கன் பத்து நாள் கழிச்சுத்தான்."

ஜெயம் வீடு திரும்பி, அந்தப் புள்ளிக்கான துளைகளைப் பன்னிரண்டு அட்டைகளில் தேடிப் பிடித்து, காகிதம் ஒட்டி அடைத்தாள்.

"கொக்குக்கு மொகம் கழுவி வுடுறா," என்றான் ஜெயவேல்.

வெள்ளிக்கிழமை ஜினசந்திரன் கரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, பொட்டு எங்க?"

அவர் வேறு மூன்று பேர் கொடுத்த கரைகளை விரித்தார். ஒன்றில் மாங்காயின் வயிற்றில் புள்ளி, ஒன்றில் மயிலின் முழங்காலில், ஒன்றில் கோபுரத்தின் நடுவில்.

"இந்த வாரம் கூடத்துலர்ந்து வந்ததெல்லாம் இப்படித்தான். புது ஃபேஷன் போலன்னு மூணையும் எடுத்துக்கினேன். உன்னுது மட்டும் மூளியா நிக்குதே! கல்யாணப் பட்டும்மா இது."

ஸ்கேனர் கதையைச் சொன்னால் அந்த மூன்று பேரின் பிழைப்பில் மண். சொல்லாவிட்டால் தன் கொக்கு போச்சு.

"அது ஆம்பளக் கொக்குங்க," என்றாள்.

ஜினசந்திரன் முறைத்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"அப்போ பொம்பளக் கொக்கு?"

"எதிர்க் கரைல வருதுங்க. பொட்டோட." வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் அது ஜெயத்துக்கே தெரிந்தது.

"ஜோடியா? சரி, மாங்கா அட்டையப் பரண்ல போட்டுடு. ஆறு சேல போடு."

வீட்டு வாசலிலேயே ஜெயவேல் மறித்தான். "இன்னா சொன்னாரு?"

"கொக்குக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு," என்றாள் ஜெயம், மூச்சு வாங்கியபடி. "பொண்ணுதான் இன்னும் பொறக்கல."