ஏழு வரை எண்ணுவது

சின்னுவின் மூன்று வருட ஆராய்ச்சி ஒரே கேள்வியில் வந்து மாட்டிக்கொண்டது. கம்பெனி வேறு நாட்டுக் கிளைக்கு அனுப்பி வைக்கும் மேலாளர்கள் போன இடத்தில் நன்றாக இருக்கிறார்களா, இல்லையா? கேள்வி என்னவோ சின்னதுதான். பதில்தான் இரண்டாக வந்து தொலைத்தது.

நானூற்றுப் பதின்மூன்று பேர் இணையத்தில் படிவம் நிரப்பியிருந்தார்கள். 'இந்த ஊர் எனக்குச் சொந்த வீடு மாதிரி இருக்கிறது' என்ற வரிக்கு ஐந்துக்கு நான்கு புள்ளி ஒன்று சராசரி. அதே ஆட்களில் இருபது பேரை நேரில் உட்காரவைத்துப் பேசச் சொன்னால் கதை தலைகீழ். ஒருவர் சாயங்காலம் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல், சூப்பர் மார்க்கெட்டில் காலித் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டே இருப்பாராம். இன்னொரு அம்மாள் கைக்கடிகாரத்தை இன்னும் மகள் இருக்கும் ஊரின் நேரத்திலேயே வைத்திருந்தார்.

யாரும் எடுத்த எடுப்பில் இதைச் சொல்லிவிடவில்லை. "நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். உடனே அடுத்த கேள்விக்குத் தாவக் கூடாது. வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஏழு வரை எண்ண வேண்டும். ஐந்திலோ ஆறிலோ ஆள் தானாகப் பேச ஆரம்பிப்பார். பேட்டி எடுப்பதில் சின்னு கற்றுக்கொண்ட ஒரே சூட்சுமம் அதுதான்.

அவளுடைய பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் தசமப்புள்ளி. அவர் வெள்ளிக்கிழமை கறாராகச் சொல்லிவிட்டார்.

"ரெண்டு முறையையும் சேர்த்துப் பண்றேன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? இப்ப ஒண்ணு கிழக்கே போகுது, இன்னொண்ணு மேற்கே போகுது. திங்கக்கிழமைக்குள்ள சேர்த்துக் காட்டுங்க. முடியலையா, பேட்டியைத் தூக்கிடுங்க. படிவத்தை வெச்சே பட்டம் வாங்கிடலாம்."

பட்டம் வந்துவிடும். இருபது பேரும் குப்பைக்குப் போவார்கள். அவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டது உலகத்திலேயே அவள் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராய்ச்சி மாணவர் அறையில் ஈ காக்கை இல்லை. சின்னு படிவங்களை ஒவ்வொன்றாக மேய்ந்தாள். ஒன்றில் முப்பத்தாறு கேள்விக்கும் ஐந்து. சொந்த வீடு மாதிரியா? ஐந்து. பேச ஆள் இருக்கிறதா? ஐந்து. யாருடா இந்த மகாராசன், இவரைப் பிடித்துப் பேசினால் முடிச்சு அவிழ்ந்துவிடும் என்று தேதியைப் பார்த்தாள். படிவத்தை முதன்முதலில் அனுப்பியதற்கு முந்தைய நாள்.

அது அவளேதான். படிவம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தானே ஒன்றை நிரப்பியிருந்தாள். பிறகு அழிக்க மறந்திருக்கிறாள். ஆராய்ச்சிக்காக அவளும் சொந்த ஊரை விட்டு இந்த ஊருக்கு வந்து மூன்றாவது மாதம் அது. கடைக்காரரிடம் பை வேண்டாம் என்று சொன்னதைத் தவிர அந்த வாரம் முழுக்க அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. யாருமே பார்க்கப்போகாத படிவத்துக்குக்கூடக் கை தானாக ஐந்து ஐந்தாகப் போட்டிருக்கிறது.

முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிட்டது. படிவம் பொய் சொல்லவில்லை. எல்லோரும் முதலில் சொல்லும் "நல்லாத்தான் இருக்கேன்" வரை கேட்டுவிட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான். அதற்கு ஏழு வரை எண்ணத் தெரியாது. பேட்டி எண்ணியது. பதில் இரண்டில்லை, ஒன்றின் முன்பாதியும் பின்பாதியும். இருபது பேரும் பிழைத்தார்கள்.

தன் வரியை அழித்துவிட்டுச் சராசரியை மறுபடி போட்டாள். நான்கு புள்ளி ஒன்று. அவள் இருந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அதற்குப் போய் அழுகை முட்டியது.

நான்கு மணிக்கு வழக்கம்போல அக்கா கூப்பிட்டாள். அம்மா அப்பா போன பிறகு சின்னுவுக்கென்று இருப்பது அக்கா ஒருத்திதான். சொந்த ஊரிலேயே மருந்துக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மூன்று நிமிடம் பேசுவாள்.

"சாப்டியாடி? நல்லா இருக்கியா?"

"ம்... நீ எப்படிக்கா இருக்கே?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். சரி, வெச்சிடவா?"

சின்னு பதில் சொல்லவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. இதை அக்காவிடம் ஒருநாளும் செய்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நான்கு. ஐந்து.

"வீட்டுக்கு வந்தா பேச ஆளில்லடி," என்றாள் அக்கா. "டிவியோட பேசிட்டிருக்கேன். லூசு மாதிரி. நீயாவது அங்க சந்தோஷமா இருக்கே, எதுக்குச் சொல்லிக் கெடுக்கணும்னுதான் வாய மூடிட்டிருந்தேன்."

சின்னுவுக்குச் சுருக்கென்றது. வாராவாரம் போனில் 'நல்லா இருக்கேன்' என்று அவள் போட்ட ஐந்தெல்லாம் அக்காவின் வாயைத்தான் அடைத்திருக்கிறது.

"நான் சந்தோஷமா இல்லக்கா."

அக்கா போனை வைக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"எத்தன நாளாடி?"

"வந்த நாள்லேர்ந்தேக்கா."