துப்பாக்கி அன்னாளுக்கு என்ன வாங்குவது

போன கிறிஸ்துமஸுக்கு ஜெரால்டு தன் அக்காவுக்கு எடுத்துக் கொடுத்த சேலை, இந்த வருடம் மாதா தேரின் பின்பக்கம் திரையாகத் தொங்கியது. முதலில் கண்டுகொண்டவள் அவன் பெண்டாட்டி ஸ்டெல்லா.

"ஏங்க, அந்தப் பச்ச பார்டர் தெரியுதா? வடலூர்ல நானு கட கடையா ஏறி எறங்கி எடுத்தது. உங்க அக்கா மாதாவுக்குக் குடுத்துட்டாங்க."

"மாதாவுக்குத்தான குடுத்துச்சு. எவளுக்கோவா குடுத்துச்சு?"

"அதுக்கு முந்தின வருசத்துது எங்க கெடக்குதுன்னு தெரியுமா? முந்திரிக்கொட்ட காயப்போட விரிச்சிருக்காங்க. அத நானு இன்னும் சொல்லவே இல்ல."

ஜெரால்டின் கவனம் வேறெங்கோ இருந்தது. தேருக்கு முன்னால் நின்ற அக்காவை அவளுடைய இடப்பக்கமிருந்து "யக்கா" என்று கூப்பிட்டான். அவள் வலப்பக்கம் திரும்பித் தேடினாள். மறுபடி கூப்பிட்டான். மறுபடியும் அந்தப் பக்கமே தேடினாள்.

அக்கா அன்னாள் இருப்பது குறிஞ்சிப்பாடியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். புருஷன் போனபின் அவளுக்கு மிஞ்சியது கொஞ்சம் முந்திரித்தோப்பு, அதையொட்டி ஒரு மரவள்ளிக் கொல்லை, அப்புறம் ஒரு நாட்டுத் துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்கென்று கொடுத்த லைசென்ஸை அலையாய் அலைந்து தன் பேருக்கு மாற்றிக்கொண்டாள். கடையில் வாங்கிச் செருகுகிற தோட்டா கிடையாது அதற்கு. ஒவ்வொரு தடவையும் வெடிமருந்தையும் ஈயக்குண்டையும் குழாயின் வாய்வழியாகப் போட்டுக் குச்சியால் கெட்டிக்க வேண்டும். ஈயத்தை அவளே உருக்கிக் குண்டாக ஊற்றிக்கொள்வாள். பக்கத்தில் யாரையும் விடமாட்டாள். ஊரில் அவளுக்குப் பேரே துப்பாக்கி அன்னாள்.

"பன்னியக் கொல்லக் கூடாதுக்கா, வெரட்டத்தான் செய்யணுமாம்" என்று ஜெரால்டு ஒருதரம் சொல்லிப்பார்த்தான்.

"வெரட்டத்தான்டா செய்யிறேன். ஆனா ஈயம் போடாத துப்பாக்கியப் பன்னி மதிக்காது" என்றாள்.

சேலை உடுத்திக்கொண்டு அவள் எங்கே போகப்போகிறாள்? கிறிஸ்துமஸுக்கு அக்காவுக்குச் சீர் கொண்டுபோகாமல் இருக்கவும் முடியாது. தன் வெடியைத் தானே கெட்டித்துக்கொள்கிற பொம்பளைக்கு என்னதான் வாங்கிக்கொடுப்பது? ஜெரால்டு நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். ஓடுகிற பெல்ட்டிலிருந்து கீழே சிந்துகிற மண்ணையும் கரியையும் வாரி மறுபடி பெல்ட்டிலேயே போடுவது அவன் வேலை. வாரிப் போடப் போட அது சிந்திக்கொண்டே இருக்கும். அந்த வேலையில் கைக்குத்தான் வேலை, மண்டை சும்மாதான் கிடக்கும். டிசம்பர் பிறந்ததிலிருந்து மண்டையில் இதே கேள்வி.

டீ குடிக்கிற நேரத்தில் கூட்டாளிகளிடம் கேட்டான்.

"குக்கர் வாங்கிக் குடு" என்றான் ஒருவன்.

"பட்டாசு வாங்கிக் குடு. மருந்து பிரிச்சுக்கட்டும்."

"கடலூர் முதுநகருக்குப் போ. மீன் வலைக்குக் கட்டுற ஈயம் கெடைக்கும். சாக்கோட தூக்கிக்கினு போயி எறக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். ஈயம் என்றதும் ஜெரால்டுக்கு ஒரு கணம் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் தேரன்று அக்கா வலப்பக்கம் திரும்பித் தேடியது கண்ணுக்குள்ளேயே நின்றது. போனில் பேசினாலும் "ஆங்? ஆங்?" என்று கேட்டுவிட்டுக் அடுத்த காதுக்கு மாற்றிக்கொள்வாள். இன்னும் ஈயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து இன்னும் வெடி போடச் சொல்வதா? இருக்கிற ஒரு காதும் போய்விட்டால் அந்தக் கொல்லையில் தனியாக அவள் என்ன செய்வாள்?

இதைச் சிங்காரவேலுவிடம் மட்டும் சொன்னான். சிங்காரவேலு பர்மனென்ட் ஆள், கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். கான்ட்ராக்ட் ஆளைக்கூட 'நீங்க' என்றுதான் பேசுவார்.

"துப்பாக்கியத் தோள்ல வெச்சுத் தலையச் சாய்ச்சா எடது காதுதானுங்க குழாயப் பாத்து நிக்கும்? அதுதான் மொதல்ல போகும்" என்றார். "எனக்கே ஒரு காது மந்தமுங்க. கல்யாணத்துக்கு முன்னால ஊர்ல பஞ்சாலையில இருந்தேன். அப்ப யாரு சொன்னா? நீங்க ஒண்ணு பண்ணுங்க ஜெரால்டு. காதுக்கு மூடி வாங்கிக் குடுங்க. தலையில மாட்டுறது."

ஜெரால்டுக்கு மனசு லேசாயிற்று. மறுநாளே மெயின் பஜாரில் ஹெல்மெட்டும் கையுறையும் விற்கிற ராமலிங்கம் கடைக்குப் போனான்.

"எந்த மிஷினுக்குப்பா?" என்றார் ராமலிங்கம்.

"மிஷினுக்கு இல்லீங்க. எங்க அக்காவுக்கு."

"ஏன், மாப்ளை ரொம்பச் சத்தம் போடுறாரா?"

"அவரு இல்லீங்க. பன்னி."

ராமலிங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சிவப்பாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஸ்டெல்லா அதற்கு நட்சத்திரம் போட்ட தாள் சுற்றினாள். சுற்றும்போது சொன்னாள்: "இத மாதா தேருக்கு மாட்ட முடியாது. அதுவரைக்கும் நல்லது."

கிறிஸ்துமஸ் அன்று மதியத்துக்குள் இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். உள்ளாட்சித் தேர்தல் நேரம். பூட்டு சாவிச் சின்னத்துக்கு ஓட்டுக் கேட்டு மைக் கட்டிய ஆட்டோ ஒன்று தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தது. வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கியது. உள்ளே, துப்பாக்கி மாட்டுகிற ஆணி வெறுமனே இருந்தது.

"எங்கக்கா அது?"

"ஸ்டேசன்ல. எலக்சன்னா லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஒப்படைக்கணும்ல? எலக்சன் முடிஞ்சதும் வாங்கிக்கணும். இப்பத் தட்டத் தட்டிக்கினுதான் வெரட்டுறேன்."

"நீங்கதான் மொத ஆளா கொண்டு போயி குடுத்தீங்களாமே அண்ணி" என்றாள் ஸ்டெல்லா. "பஸ்ல பேசிக்கினாங்க. மத்தவங்கெல்லாம் போலீசு வந்து கேட்டாத்தான் குடுப்பாங்களாம்."

"சொன்னாச் செய்யணும்ல" என்று அக்கா வேறு பக்கம் பார்த்தாள்.

தாளைப் பிரித்தாள். உள்ளே இருந்ததைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"என்னடா இது, ரெண்டு கிண்ணத்த வளையத்துல மாட்டி வச்சிருக்குது. செல்லுல பாட்டு கேக்குறதா?"

"இல்லக்கா. வெடி போடும்போது காதுல மாட்டிக்கிறது. சத்தம் உள்ள போவாது."

அக்காவின் கை நின்றுவிட்டது.

"எனக்குக் காது கேக்கலன்னு எவன் சொன்னான்?"

"யாரும் சொல்லலக்கா…"

"இத மாட்டிக்கினு நானு கொல்லையில நின்னா ஊரு என்னா சொல்லும்? செவிடி கையில துப்பாக்கின்னு சொல்லும். நாளைக்கு ரினீவலுக்குப் போனா டாக்டரு சர்ட்டிபிகேட்டு கேப்பான். மொத வேலையா காதத்தான் பாப்பான். பொறந்தவன் கொண்டாந்த சீரு, லைசென்ஸப் புடுங்குற சீரா?"

"காது போயிடக் கூடாதுன்னுதான்…"

"அட மக்கு. பன்னி வர்றது கண்ணுக்கா தெரியுது? காதுக்குத்தான்டா தெரியுது. தழ அசையிற சத்தம், மூக்கால மண்ணு நோண்டுற சத்தம். காத மூடிக்கினு நின்னா அது எம் மடியில வந்து படுத்துக்கினு மரவள்ளி தின்னும்."

ஜெரால்டுக்கு முகம் செத்துப்போயிற்று. அவள் சொன்னது நியாயம். பெல்ட் ஓடுகிற இடத்தில் நாள் முழுக்கச் சத்தம். காதை மூடிக்கொண்டால்தான் வேலை. அக்கா கொல்லையில் நாள் முழுக்க அமைதி, அதில் ஒரே ஒரு சத்தம். தன் வேலைக்கு ஏற்றதை அவள் வேலைக்கு வாங்கி வந்திருக்கிறான். சிங்காரவேலுவுக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை.

ஸ்டெல்லா மெல்ல எழுந்தாள். "கொழம்பு அடி புடிக்குதுன்னு நெனைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். குழம்பு அடுப்பிலேயே இல்லை.

வெளியே ஆட்டோ மறுபடி வந்தது. அது போகிறவரை அக்கா காதுமூடியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"கேக்குதுடா" என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "வலது நல்லாக் கேக்குது. ஆனா எந்தப் பக்கம்னு தெரிய மாட்டேங்குது. எல்லாமே வலப்பக்கந்தான் கேக்குது."

"தேர் அன்னிக்கே பாத்தேன்."

"தேரு கெடக்குது. போன மாசம், விடிஞ்சும் விடியாம இருக்கு. பன்னி நோண்டுற சத்தம். வலப்பக்கம், பக்கத்துக் கொல்லக்காரி செவ்வந்தி தோப்புப் பக்கம்னு கேட்டுது. திரும்பினேன். அந்தாண்ட தழ ஆடுது. குறி வச்சிட்டேன், வெரலும் விசைக்குப் போயாச்சு. அப்ப செவப்பா என்னமோ தெரிஞ்சுது. துண்டு. பாத்தா செவ்வந்தி, ஆட்டுக்குத் தழ ஒடிச்சிக்கினு நிக்கிறா." அக்கா காதுமூடியைக் கீழே வைத்தாள். "பன்னி எனக்கு எடப்பக்கம் நின்னுக்கினு இருந்துது, திங்கிறத வுடாம."

"செவ்வந்திக்குத் தெரியுமா?"

"தெரியாது. அன்னிக்கு எனக்குக் கீர குடுத்துட்டுப் போனா."

"அதனாலதான் மொத ஆளா ஸ்டேசனுக்குப் போனியா?"

"எலக்சன் எப்பக் கூப்புடும்னு பாத்துக்கினு இருந்தேன். அதுவரைக்கும் ஈயமே போடலடா. வெறும் மருந்துதான். வானத்தப் பாத்து வுட்டேன்."

"பன்னி?"

"ஓடுது."

"நீதான மதிக்காதுன்னு சொன்ன?"

"சொன்னேன். பன்னிக்கு என்னடா தெரியும், உள்ள ஈயம் இருக்குதா இல்லியான்னு? ஊருக்குத்தான் தெரியக் கூடாது. தெரிஞ்சா அப்பறம் என்னா துப்பாக்கி அன்னாளு."

சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். அப்புறம் காதுமூடியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டாள். சீலைத் தலைப்பை அதன்மேல் இழுத்துப் போட்டுப் பார்த்தாள். குளிருக்கு முக்காடு போட்ட மாதிரிதான் இருந்தது.

அவளுக்குக் கேட்காது என்கிற தைரியத்தில் ஜெரால்டு சொன்னான்: "துப்பாக்கிய அங்கியே வுட்டுடுக்கா. வேணாம்."

"வாயப் பாத்தாலே தெரியுதுடா" என்றாள் அவள், மூடியைக் கழற்றாமலே, கொஞ்சம் உரக்க. "வுட மாட்டேன். துப்பாக்கி இல்லன்னா மரவள்ளி இல்ல. சத்தம் வேணும். எந்தப் பக்கம் பன்னி நின்னா என்னா, வானம் ஒரே பக்கந்தான். சத்தம் போடுறதுக்கு எனக்கு எதுக்குடா காது? இத மாட்டிக்கினே போடுறேன்."

பிறகு எழுந்து உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். கழுத்துவரை ஈயக்குண்டு. எத்தனை நாள் உட்கார்ந்து ஊற்றினாளோ, எல்லாம் ஒரே அளவில் உருண்டையாக இருந்தன.

"இது வூட்ல இருந்தா கை தானா அதுகிட்ட போயிடும். ஒரு நாளு பன்னி மேல ஆத்திரம் வரும், எடுத்துப் போட்டுடுவேன். நீ கொண்டு போயி எந்த மீன் வலக்காரனுக்காவது குடுத்துடு."

"அப்ப ஸ்டேசன்லேருந்து வாங்கும்போது…"

"வாங்கும்போது நீயும் வா. எடப்பக்கமா நட."

ஸ்டெல்லா இலை போட்டாள். அக்கா சாப்பிட்டு முடிகிறவரை மூடியைக் கழற்றவில்லை. உப்பு கேட்டவனுக்கு ரசத்தை ஊற்றினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். வடலூர் தாண்டி ஒரு திருப்பத்தில் ஜெரால்டின் பை சரிந்து கண்டக்டர் காலில் விழுந்தது.

"யப்பா! என்னாய்யா இது, கல்லா?"

"கிறிஸ்துமஸ் பலகாரங்க" என்றாள் ஸ்டெல்லா முந்திக்கொண்டு.

"பலகாரமா? இந்தக் கனம் கனக்குது, யாரு செஞ்சது?"

"எங்க அக்கா கையால செஞ்சதுங்க" என்றான் ஜெரால்டு. பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். ஆர்ச் கேட் ஸ்டாப்பில் இறங்குகிறவரை கீழே வைக்கவில்லை.