ஜூங்காவின் பக்கம் காலி

1

இந்தக் கதை பிறந்தது ஒரு சொம்புத் தண்ணீரில். இரத்தத்தில் பிறந்தது, மர்மத்தில் பிறந்தது என்றே எழுதிப் பழகிய கைக்கு இப்படித் தொடங்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, நடந்தது அதுதான்.

நான் தொடர்கதைக்காரன். செஞ்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருந்துகொண்டு, மெட்ராஸ் வாரப்பத்திரிகை ஒன்றுக்காக வாராவாரம் ஓர் ஆளை ஆபத்தில் தொங்கவிடுவது என் தொழில். அடுத்த வாரம் இறக்கிவிடுவதும் நான்தான். இப்போது ஓடிக்கொண்டிருப்பது ‘முரசு முழங்கும் காடு’. துப்பறியும் இன்பராஜ் ஆப்பிரிக்கா போகிறான். எட்டாவது வாரக் கடைசியில் காட்டுத் தலைவன் ஜூங்கா அவனைக் கம்பத்தில் கட்டிவிட்டான். பக்கத்தில் கொப்பரை. கொப்பரையில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது.

ஆசிரியர் எழுதியிருந்தார்: அடுத்த வாரம் கொப்பரைக்குள் ஒரு காலாவது போக வேண்டும், இல்லையென்றால் அந்தப் பக்கங்களை வேறொருவருக்குக் கொடுக்க உத்தேசம்.

ஆப்பிரிக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர் ராஜகிரிக் கோட்டை மேலிருந்து தெரிகிற அளவுதான். பாறை, புதர், குரங்கு. அதையே நாலு மடங்கு பெரிதாக்கிக்கொண்டேன். (மூன்றாவது வாரத்தில் இன்பராஜ் ஒரு புலியைச் சுட்டான். ஆப்பிரிக்காவில் புலியே கிடையாதாம். வாசகர்கள் யாரும் கடிதம் போடவில்லை. புலிதான் செத்துவிட்டதே என்று விட்டிருப்பார்கள்.)

2

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த ஆரம்பங்கள்:

‘மின்னல் வெட்டியது. கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால்—’

வேண்டாம். அது பட்டப்பகல். கதவு திறந்துதான் கிடந்தது.

‘ஆறடி உயரம். கருங்கல்லில் செதுக்கிய உடம்பு. அவன் கண்களில்—’

கண்களில் திண்டிவனம் ரோட்டுத் தூசி. கசக்கிக்கொண்டு நின்றார். அவ்வளவுதான்.

மூன்றாவது ஆரம்பம் என்னுடையது இல்லை, சோடாக்கடை கோவிந்தசாமியுடையது. பஸ்ஸை விட்டு இறங்கி என் பெயரைச் சொல்லி வழி கேட்டவரை அவன்தான் வீடுவரை கூட்டிவந்தான். வாசலில் நின்று உள்ளே பார்த்துச் சொன்னான்:

“அண்ணே, உங்க கதையிலேர்ந்து ஒர்த்தர் எறங்கி வந்துகிறாரு. நல்லா கவனிச்சி அனுப்புங்க.”

கதாபாத்திரம் கதாசிரியன் வீட்டுக்கே வருவது பத்திரிகை உலகத்தில் அரதப்பழசான உத்தி. நானே இரண்டு தடவை செய்திருக்கிறேன். ஆனால் வந்தவர் என் பாத்திரம் இல்லை. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. கானா நாட்டுக்காரர், நமக்குப் பத்து வருஷம் கழித்துச் சுதந்திரம் வாங்கிய நாடு. அதில் அசாந்தே என்கிற மக்களைச் சேர்ந்தவர். மெட்ராஸில் விடுதியில் தங்கிக் கால்நடை வைத்தியம் படிக்கிறார். இதையெல்லாம் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்போதைக்குத் தெரிந்தது, பெயர் கோஃபி என்பது மட்டும்.

என் மனைவி வேதநாயகி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இரு கையாலும் வாங்கிக் குடித்தார். சொம்பைக் கீழே வைத்தார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

நானும் அவரைப் பார்த்தேன்.

3

இங்கே ஒரு பரபரப்பான காட்சி வர வேண்டும். வந்தது என்னவோ மௌனம்.

என் ஓட்டை இங்கிலீஷில் பஸ் கூட்டத்தைப் பற்றிக் கேட்டேன். கூட்டம்தான் என்றார். வெயிலைப் பற்றிக் கேட்டேன். எங்கள் ஊரிலும் உண்டு என்றார். கோட்டையைப் பற்றி நானே கொஞ்சம் சொன்னேன். பன்னீர் சோடா வரவழைத்தேன். குடித்தார். மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்து, ஏதோ ஒன்றை என்னிடம் எதிர்பார்க்கிற முகத்தோடு காத்திருந்தார். அரைகுறை அத்தியாயம் மேஜைமேல் கிடந்தது. சாயங்கால மெட்ராஸ் பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பியாக வேண்டும்.

எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் தீர்ந்தது. ஆனால் அதை எப்படிக் கேட்பது? வீடு தேடி வந்தவரிடம் அப்படிக் கேட்டால், எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்ட மாதிரி. எங்கள் பக்கத்தில் அதற்காகவே பத்து வருஷம் பேசாமல் இருந்த சம்பந்திகள் உண்டு.

சமையற்கட்டிலிருந்து வேதநாயகி எட்டிப் பார்த்தாள். அடுப்பில் குழம்பு, அவளுக்கு மரியாதைக்கெல்லாம் நேரம் இல்லை.

“இன்னா விஷயமா வந்தீங்க?”

எனக்கு உயிர் போயிற்று. அவருக்கோ வந்தது. இரண்டு வருஷ விடுதி வாசத்தில் அந்த அளவு தமிழ் அவருக்குப் புரியும். முகமெல்லாம் பல்லாகச் சிரித்துவிட்டு, என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். (இனி அவர் பேசுவதெல்லாம் என் தமிழில்.)

“அப்பாடா. இந்த வீட்டில் யாரும் கேட்கவே மாட்டீர்களோ என்று பயந்துவிட்டேன்.”

அவர்கள் வழக்கம் இதுதான். வந்தவருக்கு முதலில் உட்கார இடம், பிறகு தண்ணீர். குடித்து முடித்ததும் வீட்டுக்காரர் முறையாகக் கேட்க வேண்டும்: என்ன சேதியாக வந்தீர்கள்? கேட்கிறவரை வந்தவர் வாய் திறப்பது அழகில்லை. கேட்காமல் இருப்பதோ, உன் சேதி எனக்கு வேண்டாம் என்பது போல.

ஆக, ஒருவருக்கொருவர் மரியாதை காட்டியே நாங்கள் இருவரும் அரைமணி நேரம் அவஸ்தைப்பட்டிருக்கிறோம்.

4

வந்த விஷயம்.

கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண். பிறந்த கிழமைக்குத் தகுந்த பெயர் ஒன்று அங்கே எல்லோருக்கும் உண்டு.

“நான் வெள்ளிக்கிழமைக்காரன்” என்றார். “ஆனால் உங்கள் பத்திரிகை வியாழக்கிழமை வருகிறது. அன்றைக்கு மட்டும் விடுதியில் என் பெயர் ஜூங்கா.”

வாராவாரம் சாப்பாட்டு மேஜையில் ஒருவன் என் தொடரை உரக்கப் படிப்பானாம். மற்றவர்கள் கரண்டியை அவர் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைப்பார்களாம், கொப்பரை ஞாபகம் வந்துவிடும் என்று. முதல் வாரங்களில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது தான்தான் என்றார். “எட்டாவது வாரம் சிரிப்பு வரவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களில் இரண்டு பேர் நிஜமாகவே என் பக்கத்தில் உட்காருவதில்லை. எனக்கு இன்னும் இரண்டு வருஷம் அங்கே சாப்பிட வேண்டும். ஒன்பதாவது வாரத்தில் என்ன நடக்கப்போகிறது என்று கேட்டுவிட்டுப் போகத்தான் வந்தேன்.”

(இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வருகிறது. இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தவர் மேஜையைக் குத்த வேண்டாமா? ஒரு பிரதியில் அவருக்குக் கன்னத்தில் தழும்பும் கனல் கக்கும் பார்வையும் கொடுத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சோடா இன்னொன்று கிடைக்குமா என்று கேட்கிறவரை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?)

ஜூங்காவைக் கொன்றுவிடட்டுமா என்று கேட்டேன். நான் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

வேண்டாம் என்று கையை ஆட்டினார். எங்கள் ஊர்த் தலைவர் எப்படியிருப்பார் தெரியுமா என்று ஆரம்பித்தார். நான் காகிதத்தைத் திருப்பி வைத்து எழுத ஆரம்பித்தேன்.* தலைவரை முன்மொழிகிறவர் அந்தக் குலத்தின் மூத்த பெண். பட்டம் மகனுக்குப் போகாது; தாய்வழியில் தம்பிக்கோ சகோதரி மகனுக்கோ போகும். தாய்மாமன் சொல்லுக்கு அங்கே தனி எடை. தலைவர் வந்தவரிடம் நேராகப் பேசமாட்டார். கோல் பிடித்த பேச்சாளர் ஒருவர் வழியாகத்தான் பேச்சு. முறைகெட்டு நடந்தால் பட்டத்திலிருந்து இறக்கிவிடவும் வழி உண்டு.

நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, வேதநாயகி கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள்.

“அப்ப ஜூங்காவுக்குன்னு ஒரு பெரியம்மா இருந்திருந்தா, கொப்பரைய அடுப்புல ஏத்தவே உட்டிருக்க மாட்டாங்க.”

அதையும் மொழிபெயர்த்தேன். கோஃபி சிரித்த சிரிப்பில் கோவிந்தசாமி மறுபடி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனான்.

* இதெல்லாம் அசாந்தே மக்களின் வழக்கம். ஆப்பிரிக்கா முழுவதற்கும் பேச நான் யார் என்றார் கோஃபி. விடுதியில் கென்யாக்காரர் ஒருவர் இருக்கிறாராம். இருவரும் பேசிக்கொள்வது இங்கிலீஷில். செஞ்சிக்காரனிடம் போய்ப் பஞ்சாபிக் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கிற மாதிரிதான்.

5

சாப்பாட்டுக்குப் பிறகு நான் மேஜையில். இன்பராஜ் கம்பத்தில். எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) கயிற்றைப் பல்லால் அறுத்துக்கொண்டு இன்பராஜ் கொப்பரையை ஓர் உதை விடுகிறான். வெந்நீர் பாய்கிறது. ஜூங்கா—

கரண்டி இன்னும் தூரமாக நகரும்.

ஆ) இன்பராஜ் ஜூங்காவின் முகத்தைப் பிடித்து இழுக்கிறான். முகமூடி கையோடு வருகிறது. உள்ளே மயிலாப்பூர் வக்கீல்—

“அத போன கதையிலயே பண்ணிட்டீங்க” என்றாள் வேதநாயகி, தரையிலிருந்து.

தரையில் அவளும் கோஃபியும் பல்லாங்குழிப் பலகைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் கிடந்த பலகையைப் பார்த்ததும் அவர் கேட்காமலே போய் எடுத்துவந்துவிட்டார். அதில் இருந்த கழற்சிக்காயைக் கையில் உருட்டிப் பார்த்து, இதே காயில்தான் எங்கள் ஊரிலும் ஆடுவோம் என்றார். ஆட்டத்துக்கு ஒவாரே என்று பெயர். பக்கத்துக்கு ஆறு குழி. எங்கள் பலகையில் ஏழு என்பதால் ஓரக்குழி இரண்டையும் வெற்றிலையால் மூடியாயிற்று.

முதல் ஆட்டம் நம் முறைப்படி. வேதநாயகி வாரி எடுத்துவிட்டாள். இரண்டாவது அவர் முறை. கொஞ்ச நேரத்தில் அவள் பக்கத்துக் குழிகள் எல்லாம் துடைத்த மாதிரி ஆகிவிட்டன. தோற்றேன் என்று கையை விரித்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. யோசித்து, தன் பக்கத்துக் குழி ஒன்றை வழித்தெடுத்து, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கடைசிக் காய்களை அவள் பக்கத்தில் விழவிட்டார்.

“ஜெயிச்சவரு எதுக்குக் குடுக்கறாரு?” என்று என்னைக் கேட்டாள். நான் அவரைக் கேட்டேன்.

அதுதான் சட்டம் என்றார். எதிராளி பக்கம் காலியாக இருந்தால், அந்தப் பக்கம் காய் போய்ச் சேருகிற மாதிரி ஆட முடிந்தால் அப்படித்தான் ஆட வேண்டும். “எதிரே ஒன்றும் இல்லையென்றால் பிறகு யாரோடு ஆடுவது?”

வேதநாயகி காய்களை எண்ணாமல் என்னைப் பார்த்தாள்.

“கேட்டுக்குங்க. துப்பாக்கி, புத்தி, வசனம் எல்லாம் இன்பராஜ் பக்கமே இருக்குது. ஜூங்கா எட்டு வாரமா ‘ஹூ ஹா’ன்னுகினே நிக்கறான். அவன் பக்கம் ஒரு காயாவது போட்டீங்களா?”

6

அப்போது எழுதியதுதான் ஒன்பதாவது அத்தியாயம். பாதிக்குமேல் அடித்தல் திருத்தல் இல்லை. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

முரசு நிற்கிறது. ஒரு மூதாட்டி வருகிறாள். கொப்பரையைப் பார்க்கிறாள், ஜூங்காவைப் பார்க்கிறாள். ஜூங்கா தலையைக் குனிகிறான். கட்டு அவிழ்கிறது. கொப்பரை வெந்நீர் இன்பராஜ் குளிப்பதற்கு. அவன் உட்கார ஒரு முக்காலி, குடிக்க ஒரு குடுவைத் தண்ணீர். குடித்து முடிக்கிறவரை யாரும் பேசவில்லை. பிறகு ஜூங்கா பேச்சாளரிடம் மெல்லச் சொல்ல, கோலை ஊன்றிக்கொண்டு பேச்சாளர் கேட்கிறார்: ‘விருந்தாளியே, எங்கள் தலைவர் கேட்கிறார். நீ என்ன சேதியாக வந்தாய்?’

இன்பராஜ் வாயைத் திறந்தான். அங்கே என் பேனா நின்றுவிட்டது.

இன்பராஜ் எதற்கு ஆப்பிரிக்கா போனான்?

பழைய இதழ்களைப் புரட்டினேன். முதல் வாரம்: ‘கப்பல் கிளம்பியது.’ இரண்டாம் வாரம்: புயல். மூன்றாம் வாரம்: புலி. எட்டு வாரத்தில் ஓர் இடத்திலும் நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கோஃபியிடம் விஷயத்தைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பதிலை மட்டும் தன்னால் சொல்ல முடியாது, சேதி வந்தவன் சொல்ல வேண்டியது என்றார். அந்தக் கேள்வியோடே அத்தியாயத்தை மூடி உறையில் போட்டேன். அதே பஸ்ஸில் அவரும் ஏறினார். உறையைக் கண்டக்டரிடம் கொடுக்கவில்லை. அவர் கையில் கொடுத்தேன். வேதநாயகி ஒரு பிடி கழற்சிக்காயைத் துணியில் முடிந்து கொடுத்தாள், விடுதியில் ஆடச் சொல்லி.

7

ஆசிரியர் அதைப் போடுவாரா, அந்தப் பக்கங்களை வேறொருவருக்குக் கொடுப்பாரா, வியாழக்கிழமை சாப்பாட்டு மேஜையில் கரண்டி எங்கே இருக்கும் — இதை எழுதும்போது எனக்குத் தெரியாது. வியாழன் இன்னும் வரவில்லை. தெரிந்த மாதிரி எழுத என்னால் முடியும், அதற்குத்தான் சம்பளம். இந்த ஒரு தடவை வேண்டாம்.

ஒன்று மட்டும் தெரியும். ஒருவேளை அச்சாகி, அந்த மேஜையில் ஒருவன் உரக்கப் படித்தால், கடைசிக் கேள்வியில் வந்து நிற்பான். அப்போது எல்லோரும் பார்க்கப்போவது கோஃபியை இல்லை. இன்பராஜை.

என் கையில் இருந்த காயெல்லாம் போட்டாயிற்று. குழி காலியாக இருந்தது நம் ஆள் பக்கம்தான் என்பது இப்போதுதான் தெரிகிறது. இன்பராஜோடு கப்பல் ஏறி, புயலுக்குப் பயந்து, புலி செத்தபோது கைதட்டி, எட்டு வாரம் கூடவே வந்தவர் நீங்கள். சட்டப்படி உங்கள் பக்கம் ஒரு காய் போடுகிறேன்.

முக்காலியில் உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். அவசரமில்லை, முழுசாகவே குடியுங்கள்.

இப்போது சொல்லுங்கள்: என்ன சேதியாக வந்தீர்கள்?