ஜோதிமணி பார்க்கவேண்டிய பனி

…இல்லை, ஓபர்குர்கல்தான் நல்லது என்று எஞ்சினியர் வாசு சார் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது, ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர் உயரத்து மலையூர், நவம்பரிலேயே பனி மூடிவிடுமாம், இன்னொன்று கிட்ஸ்புயெல், எழுநூற்றுச் சொச்சம்தான், டிசம்பர் முதல் வாரத்தில் அங்கே புல் தெரிந்தாலும் தெரியும், எந்த மடையனும் மேலே இருப்பதைத்தான் கேட்பான், ஆனால்… என்ன ஆனால்? அந்த ஆனால்தான் பாலகுருவின் தொண்டையில் வெள்ளிக்கிழமையிலிருந்து நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கம்பெனி பஸ் சோனாப்பூர் லேபர் கேம்பை விட்டு மெயின் ரோட்டில் ஏறுகிறது, ஏசி ஓடுகிறது என்று பேர், அக்டோபர் வெயில் ஜன்னல் வழியாக மடியில் விழுகிறது, மடியில் ஆஸ்திரியா, வழவழப்பாக இரண்டு புத்தகம், நடுவில் ஒரு ஃபாரம், ஃபாரத்தில் ஊருக்கு ஒன்றாக இரண்டு கட்டம். ஒன்றில் டிக் அடித்து மூன்று மணிக்குள் ஹெச்.ஆர். ஷியாமளா மேடத்திடம் கொடுக்க வேண்டும், தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். யாருக்கு வரும் இந்த வாழ்வு! துபாயில் ஒரு மாலுக்குள்ளே கட்டிவைத்திருக்கும் பனிமலையில், வெளியே நாற்பது டிகிரி கொதிக்கையில் உள்ளே மைனஸில் பனி செய்கிற டெக்னீஷியன் பாலகுருவுக்கு, கமுதியிலிருந்து வந்த பாலகுருவுக்கு, இந்த வருஷத்தின் சிறந்த ஊழியர் என்று கண்ணாடி போட்ட சர்டிபிகேட், கூடவே டிசம்பரில் மனைவியோடு ஒரு வாரம் ஆஸ்திரியா. ஆகஸ்டில் குளிரூட்டும் சில்லர் மெஷின் படுத்துக்கொண்டபோது இரண்டு நாள் ரூமுக்கே போகாமல் கிடந்தானே, ஒரு பிடி பனி கரைய விட்டானா? விடவில்லையே. சும்மாவா கொடுத்தார்கள்?

பக்கத்து சீட்டில் மூசா, கீழக்கரைக்காரன், எட்டிப் பார்த்துவிட்டு, ரெண்டுலயும் பனிதானடா, எதுலயாச்சும் கோடு போட்டுட்டு யல்லா, வேலையப் பாரு, என்னத்தப் போட்டு இப்படி மண்டைய ஒடைக்கிற என்கிறான். பனிதானாம்! மேலே இருப்பது வானம் போடும் பனி, கீழே இருப்பதில் ஆரம்பக் குளிருக்குப் பனியைப் பீய்ச்சும் ஸ்னோ கன் வேண்டும், தினம் இவன் ஓட்டும் அதே மெஷின், புத்தகத்தில் போட்டோவே போட்டிருக்கிறார்கள், சரிவு ஓரம் முழுக்க வரிசையாக, மஞ்சள் மஞ்சளாக, பார்த்ததும் சொந்தக்காரர்களை ஸ்டேஷனில் பார்த்தது போல் இருந்தது பாலகுருவுக்கு, சிரிப்புகூட வந்துவிட்டது. நேற்று பிளாண்ட் ரூமில் இந்தப் போட்டோவைக் காட்டியதும் வாசு சார் எல்லோர் முன்னாலும் சொன்னாரே, மெஷின் பனியைப் பாக்கவா பாலா ஆஸ்திரியா போற, பிரியாணி மாஸ்டர் லீவு போட்டுட்டு பக்கத்துக் கடையில போயி பிரியாணி தின்ன மாதிரி இருக்கு, டோன்ட் பி ஸில்லி மேன்… எல்லோரும் சிரித்தார்கள், இவனும் சிரித்தான், சிரிக்காமல் என்ன செய்வது, சார் படித்தவர், ஐரோப்பா போய் வந்தவர், எஞ்சினியர். ஆனால் சாரின் வீட்டம்மா இங்கேயே கராமாவில் இருக்கிறார், வாரம் ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பனிமலைக்கு வருகிறார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சாருக்குக் கை ஆட்டுகிறார். பாலகுருவின் கிரேடுக்கு ஃபேமிலி விசா கிடையாது. கல்யாணமாகி ஏழு வருஷம், லீவு லீவாகக் கூட்டிப் பார்த்தால் ஜோதிமணியோடு பத்து மாதம் இருந்திருப்பானா?

வெள்ளிக்கிழமை போனில் விஷயத்தைச் சொன்னதும் கேட்டாள், ஏங்க, நீங்க செய்யிற பனியை அங்கன பாக்கலாமா? வானத்துலருந்து விழும், பிள்ளே, நல்ல பனி என்றான் இவன். அது எனக்கு எதுக்கு, அதை டிவியில பாத்துக்கிருவேன், நீங்க என்ன வேலை செய்றீகன்னுதான் எனக்குப் பாக்கணும், மூணு வருசமா கேக்குறவுக கிட்டல்லாம் பனி செய்றாக, பனி செய்றாகன்னு சொல்லுறேன், மீனுக்குப் போடுற ஐஸ் கம்பெனியான்னு உங்க அக்காவே சிரிக்கிறாக, எனக்கே தெரியாததை நான் என்னத்தச் சொல்ல? போட்டோ அனுப்பினேனே என்றான். அதுல தொப்பியும் கண்ணாடியும்தான இருக்கு, அது நீங்கதானான்னு எப்படித் தெரியும் என்றாள், சொல்லிவிட்டு அழுதாளா, சிரித்தாளா, கார்டு தீர்ந்து லைன் போய்விட்டது.

பஸ் சிக்னலில் நிற்கிறது… மேலே கூட்டிப்போனால் என்ன ஆகும்? சுற்றிலும் வெள்ளை, பக்கத்தில் ஜோதிமணி, அவளுக்குத் தெரியாதது இவனுக்கும் தெரியாது, இரண்டு பேரும் பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான், போட்டோ எடுக்கலாம், அதோடு கலாஸ். கீழே என்றால்? கீழே என்றால் பாலகுரு பேசுவான், ஐயா, எப்படிப் பேசுவான்! இந்தா பாரு, இது வழியாத்தான் தண்ணி வருது, இந்தக் காத்தாடி அதைத் தூள் தூளா அடிக்குது, தரைக்கு வர்றதுக்குள்ள அது உறையணும், காத்துல ஈரம் கூடிப்போச்சுன்னா குளிர் பத்தாது, வெறும் மழையாத்தான் விழும், அதைக் கண்ணாலயே கண்டுபிடிக்கணும், சட்டைக் கையை நீட்டி விழுறதைத் தட்டிப் பாக்கணும், உருண்டா நல்ல பனி, ஒட்டினா ஈரப் பனி, நீ கையை நீட்டு… அவள் நீட்டுவாள். அவள் கையில் அது விழும். இதுக்குத்தானா இம்புட்டு வருசம் அங்க கெடந்தீக என்று கேட்பாள், ஆமா, இதுக்குத்தான் என்பான் இவன், அதற்குமேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? மூசா, பேனாவைக் குடு! கிட்ஸ்புயெல் கட்டத்தில் ஓங்கி ஒரு டிக், பஸ் குலுங்கியதில் பேப்பர் லேசாகக் கிழிந்துவிட்டது, கிழியட்டும். இரண்டே முக்காலுக்கு ஷியாமளா மேடம் ஃபாரத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு, ஷ்யூரா பாலகுரு, எல்லாரும் இன்னொண்ணைத்தானே சொன்னாங்க என்றார். ஷ்யூர் மேடம் என்று அவன் சொன்னது அந்த ஆபீசுக்குக் கொஞ்சம் சத்தம் அதிகம். வெளியே வந்தால் வாசு சார், எதற்கு டிக் என்று கேட்டுத் தெரிந்து தலையில் அடித்துக்கொள்கிறார், கடைசியில பக்கத்துக் கடை பிரியாணிதானா? பாலகுரு நிமிர்ந்து நின்றான், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்துச் சொன்னான், மாஸ்டர் பிரியாணி போடுறதை அவன் பொண்டாட்டி ஒரு நாளும் பாத்ததில்ல சார். சார் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஜெயித்தாச்சு! ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது முகத்தில் அடித்த குளிர்கூட இன்றைக்கு இவனுக்கு மாலை போட வந்தது போல் இருந்தது, பூட்ஸ் நறுக் நறுக்கென்று பனியை மிதிக்க, ஜோதிமணிக்கு எந்த அளவில் பூட்ஸ் வாங்குவது, கம்பளிச் சட்டைக்குள் சேலை கட்டுவாளா, சுடிதாரா, இன்றைக்கே போன் செய்து கேட்கவேண்டும் என்று நடந்தவன் பாதிச் சரிவில் நின்றான். டிசம்பரில் அந்த வாரம் பார்த்து வானமே பனியைக் கொட்டிவிட்டால்? கொட்டினால் எவன் ஸ்னோ கன்னை ஓட்டுவான், இவனாக இருந்தாலும் ஓட்டமாட்டானே, ஆஃப் செய்து உறை போட்டு மூடிவிட்டுப் போய் டீ குடிப்பான்… ஓட்டல்காரன், பஸ்காரன், உலகம் முழுக்க டிக்கெட் போட்டவன் என்று ஒருத்தர் விடாமல் பனி பெய்யவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு இருப்பார்களே, எத்தனை பேர் பிழைப்பு! என்ன மனுஷன் நான் என்று பாலகுருவுக்கே கூச்சமாக இருந்தது, ஆனாலும் கை தானாகக் குவிந்துவிட்டது, ஆத்தா முத்துமாரி, குளிர் மட்டும் இருக்கட்டும், அந்த ஒரு வாரம் பனி பெய்யாமப் பாத்துக்க.