சத்து மாத்திரை

வாருங்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து நில்லுங்கள். உட்கார வேண்டாம், இந்த வீட்டில் இன்று உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் நீதிபதிகள். நீங்கள் சாட்சிகளாக நின்றால் போதும்.

புதுச்சேரி முதலியார்பேட்டையில், மில்லில் நூல் ஓட்டியவர்கள் மிச்சம் பிடித்துக் கட்டிய சின்ன வீடுகளில் ஒன்று இது. ஆடி முடியப்போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை வேளை. கூடத்தில் பாய் விரித்துப் பெரியவர்கள் வரிசையாய் அமர்ந்திருக்கிறார்கள். சுவரோரம் ஒரு பெண் நிற்கிறாள். அவள் கையில் மருந்துக்கடையிலிருந்து வாங்கிவந்த சிறிய அட்டை. ஒரு துளி சிறுநீர் விட்டால் வயிற்றில் பிள்ளை உண்டா இல்லையா என்று கோடு போட்டுக் காட்டும் அட்டை.

"போய்ட்டு வா. எங்க தங்கச்சி கூட வரும். கதவத் தாப்பா போடாத" என்கிறாள் பாயில் நடுவாக அமர்ந்திருக்கும் மணியம்மாள்.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை. மணியம்மாளின் மகனோடு நிச்சயம் மட்டும் ஆகியிருக்கிறது. அவள் செய்த குற்றம் என்ன தெரியுமா? தலை சுற்றியது, வாந்தி எடுத்தாள். திருடிப் பிடிபட்டவனைக்கூடத் தனியறையில் வைத்து விசாரிக்கும் நாட்டில், வாந்தி எடுத்த பெண்ணை, பெற்ற தாயின் முன்னால், பேசி முடித்த மாப்பிள்ளையின் முன்னால், பக்கத்து வீட்டு ஜன்னல்களின் முன்னால் நிறுத்தி விசாரிக்கிறார்கள். இந்த அநியாயம் எங்கிருந்து புறப்பட்டது என்று கேட்டால், ஒரு பருப்பு டப்பாவிலிருந்து புறப்பட்டது.

பெண்ணின் பெயர் பூர்ணிமா. எட்டு ஆண்டுகளுக்கு முன், மில் மூடித் தகப்பன் மாரடைப்பில் போன பிறகு, கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த இந்தப் பெண் ஒருநாள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. குளிக்கவில்லை, தலை வாரவில்லை, ஊட்டினால் மென்றாள், ஊட்டாவிட்டால் கேட்கவில்லை. தாய் சின்னப்பாப்பா மந்திரிக்க வைத்தாள், கயிறு கட்டினாள், கடைசியில் யாரோ சொல்லி ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அவர் கொடுத்த மாத்திரை மெல்ல மெல்ல வேலை செய்தது. பூர்ணிமா எழுந்தாள். படிப்பை முடித்தாள். நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். புடவையை விரித்துக் காட்டினால் வாங்காமல் யாரும் இறங்குவதில்லை என்று முதலாளியே சொல்லும் அளவுக்கு நின்றாள்.

ஒரு மருந்து ஒரு மனுஷியைக் காப்பாற்றியிருக்கிறது. நியாயமாக அந்த மாத்திரைப் பட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டாமா? சின்னப்பாப்பா அதைத் துவரம்பருப்பு டப்பாவின் அடியில் புதைத்து வைத்தாள். பக்கத்து வீட்டு அன்னக்கிளி ஒருமுறை பார்த்துவிட்டு, "என்னா மாத்தர இது?" என்று கேட்டபோது, தாயின் வாயில் சட்டென்று வந்த சொல்: "சத்து மாத்தரடி. ரத்தம் கம்மியாம்."

அன்று முதல் அந்த வீட்டில் அதற்கு அதுவே பெயர். மகளும் அப்படியே சொல்லப் பழகினாள். தாய் சொன்ன பொய் அன்பில் பிறந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்பு பெற்றெடுத்தாலும் பொய் பொய்தான். வளர்ந்து ஆளானதும் அது வீட்டுக்காரரைத்தான் கடிக்கும்.

மருந்து மாயம் ஒன்றும் செய்யவில்லை. அது பூர்ணிமாவின் உடம்பைக் கொஞ்சம் பருமனாக்கியது. நாக்கு எப்போதும் வறண்டது. அவள் அதைப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்காதவர் தாய்மாமன் அரிகிருஷ்ணன். ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் பந்தலில் முதலில் நின்று அதிகாரம் செய்கிறவர். வெற்றிச்செல்வனோடு சம்பந்தம் பேசி முடித்தவரும் அவரே. வெற்றிச்செல்வன் ஒயரிங் வேலை செய்கிறவர். அரியாங்குப்பத்தில் சொந்த வீடு. தாய் மணியம்மாள் பால்வாடியில் ஆயா. நிச்சயம் முடிந்த மறுநாளே மாமன் வந்து பருப்பு டப்பாவைக் கவிழ்த்தார்.

"அக்கா, இத இன்னையோட தல முழுவு. நாளைக்கு மாமியாக்காரி கையில மாட்டிச்சின்னா, பைத்தியத்த நம்ம தலையில கட்டிட்டான்னு என்னத்தான் காறித் துப்புவாங்க. ஒடம்பும் எளைக்கும், ஆவணிக்குள்ள அளவா ஆயிடுவா."

"மாமா, டாக்டர ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்றாள் பூர்ணிமா.

"நான்தான் டாக்டரு. எட்டு வருஷமா தின்னது பத்தாதா?"

பட்டை பட்டையாக மாத்திரைகள் வாய்க்காலுக்குப் போயின. குறைத்துக் குறைத்து நிறுத்த வேண்டிய மருந்தை, ஒரு மாமன் தன் மீசையின் மானத்துக்காக ஒரே நாளில் நிறுத்தினார். நெடுங்காலம் ஒரு துணையோடு நடக்கப் பழகிய உடம்பிலிருந்து அந்தத் துணையைத் திடீரென்று உருவினால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. ஆனது இதுதான்.

முதலில் வியர்வை. மின்விசிறிக்கு நேர் கீழே நின்றாலும் ரவிக்கை நனைந்தது. பிறகு குமட்டல். பிறகு காரணமில்லாத கண்ணீர்: ஒரு குழந்தைக்குப் பாவாடைத் துணி கிழித்துக்கொடுக்கும்போது கன்னத்தில் வழிந்தது, ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகத் தலைக்குள் ஒரு வெட்டு. கண்ணை இடமிருந்து வலம் திருப்பினால் போதும், மூளைக்குள் யாரோ ஸ்விட்சைப் போட்டு அணைத்ததுபோல் ஒரு சுரீர். உலகம் ஒரு கணம் விட்டுவிட்டு வந்தது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து புடவை எடுக்கத் திரும்பும்போதெல்லாம் அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, தலைக்குள்ள ஷாக் அடிக்குதும்மா."

"பித்தம்டி. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தரேன், குடி."

"பித்தமில்லம்மா. மாத்திரய நிறுத்துனதுலேருந்துதான்."

"வாய மூடு. செவுத்துக்குக் காது இருக்குது."

இருந்தது. ஆனால் சுவர் கேட்பதற்கு முன் மணியம்மாள் கேட்டுவிட்டாள்.

ஆடி ஐந்தாம் வெள்ளி, வீராம்பட்டினத்தில் தேர். சம்பந்திகள் இருவீட்டாரும் சேர்ந்தே போனார்கள். கூட்டம் நெருக்கியது, தேர் அசைந்ததும் எல்லோரும் ஒரே திசையில் தலையைத் திருப்பினார்கள். பூர்ணிமாவும் திருப்பினாள். சுரீர் என்றது. கால் மடிந்தது, உட்கார்ந்த இடத்திலேயே வாந்தி எடுத்தாள். மணியம்மாள்தான் ஓடிவந்து நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். பதற்றத்தில் சின்னப்பாப்பா உளறினாள்:

"ஒண்ணுமில்ல சம்பந்தி, சத்து மாத்தர சாப்ட்டுட்டிருந்தா. அத நிறுத்துனதுதான் இப்புடி..."

நெற்றியைத் தாங்கிய கை விலகியது.

"சத்து மாத்தரயா?" என்றாள் மணியம்மாள். "பால்வாடியில சத்து மாத்தரய நான்தான் என் கையால குடுக்கறேன். யாருக்குக் குடுக்கறோம் தெரியுமா? புள்ளத்தாச்சிக்கு!"

பாருங்கள் இந்தக் கொடுமையை. எந்தச் சொல்லைக் கொண்டு தாய் மகளின் மானத்தைப் போர்த்தினாளோ, அந்தச் சொல்லே மகளை அவிழ்த்து நடுத்தெருவில் நிறுத்தியது. சத்து மாத்திரை, வாந்தி, மயக்கம். கணக்கு முடிந்தது, தீர்ப்பும் முடிந்தது.

அப்படித்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்படித்தான் இந்த அட்டை வந்தது.

பூர்ணிமா கொல்லைப்புறம் போய்த் திரும்புகிறாள். அட்டை பாயின் நடுவில் வைக்கப்படுகிறது. தேர்தல் முடிவுக்குக் காத்திருப்பவர்களைப்போல் அத்தனை தலைகளும் அதன் மேல் குனிகின்றன. ஒரே ஒரு கோடு. பிள்ளை இல்லை.

அரிகிருஷ்ணன் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"பாத்தீங்களா? எங்க பொண்ணு பத்தரமாத்துத் தங்கம்! யாரப் பாத்து என்னா பேச்சுப் பேசுனீங்க? அக்கா, எல்லாருக்கும் காப்பி கொண்டா!"

மணியம்மாளும் இறங்கிவந்தாள். "மனசுல வச்சுக்காத சம்பந்தி. பொம்பளப் புள்ள விஷயம், கேக்காம இருக்க முடியுமா? ஏம்மா பூர்ணிமா, ரத்தந்தான் கம்மின்னா முருங்கக்கீர சாப்புடு."

சிரிப்பு வந்தது. காப்பி வந்தது. வெற்றிச்செல்வன் செல்போனிலிருந்து தலை நிமிர்த்தி அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார். அவள் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: வாயைத் திறக்காமல் இருப்பது. அப்படி இருந்தால் ஆவணியில் தாலி ஏறும். அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் தலைக்குள் வெட்டும். ஒவ்வொரு நாளும் அதற்கு ஒரு பொய்ப் பெயர் தேட வேண்டும். ஒருவேளை அந்தப் பழைய சுவர் அங்கும் எழுந்துவந்து தன்னைப் பார்த்துப் படுக்கச் சொன்னால், மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்க ஒரு வாய்கூட இருக்காது.

பூர்ணிமா சொன்னாள்:

"அத்த, அது சத்து மாத்திர இல்ல."

காப்பி டம்ளர்கள் நின்றன.

"எனக்கு மனசுல சீக்கு வந்துச்சு. அதுக்கு எட்டு வருஷமா மாத்திர சாப்ட்டேன். அதனாலதான் எழுந்து நடமாடுறேன். மாமா எல்லாத்தையும் வாய்க்கால்ல கொட்டிட்டாரு. அதுலேருந்து தலைக்குள்ள ஷாக் அடிக்குது. இத மறைச்சிட்டு உங்க வூட்டுக்கு வர எனக்கு இஷ்டமில்ல."

"ஏய்!" மாமனின் கை ஓங்கியது. சின்னப்பாப்பா குறுக்கே விழாவிட்டால் அது கன்னத்தில் இறங்கியிருக்கும்.

மணியம்மாள் எழுந்தாள். புடவையை உதறிக்கொண்டாள். அவள் சொன்னதைக் காதைப் பொத்தாமல் கேளுங்கள்:

"வயித்துல புள்ளன்னாகூட ஒரு வழி பண்ணிருக்கலாம்யா. மூள கெட்டதுக்கு என்னாத்தப் பண்றது? எந்திரிடா!"

நண்பர்களே, இதுதான் நம் நீதிமன்றம்! கெட்டுப்போனவள் என்று சந்தேகிக்கப்பட்ட வரையில் அவளுக்கு ஒரு விசாரணையாவது இருந்தது. நோயுற்றிருந்தேன், மருந்துண்டு தேறினேன் என்று உண்மையைச் சொன்னவுடன் அந்த விசாரணையும் இல்லை. ஒழுக்கக்கேட்டுக்குப் பரிகாரம் வைத்திருக்கும் இந்தச் சமூகம் நோய்க்கு வைத்திருக்கவில்லை. வெற்றிச்செல்வன் என்ன செய்தார்? வீடு வீடாகப் போய், சுவரில் ஷாக் அடிக்கிறது என்று சொன்னால் எங்கே கசிகிறது என்று தேடிப் பார்ப்பது அவர் தொழில். தன்னை மணக்க இருந்தவள் தலைக்குள் ஷாக் அடிக்கிறது என்று சொன்னாள். அவர் செருப்பைத் தேடினார்.

மறுநாள் பூர்ணிமா தனியாக மருத்துவரிடம் போனாள். மாமன் மேல் பாய்ந்த நான் இந்தப் படித்தவரை விட்டுவிடுவேன் என்று எண்ணாதீர்கள்.

"ஏம்மா திடீர்னு நிறுத்துன? இதக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் நிறுத்தணும்."

"எட்டு வருஷத்துல ஒரு தடவகூட நீங்க அதச் சொல்லலியே சார்."

"நீ கேக்கலியேம்மா."

கேட்கவில்லையாம்! கிணற்றில் தள்ளிவிட்டு, படி எங்கே என்று நீ கேட்கவில்லையே என்பவரை என்னவென்று சொல்வது? பூர்ணிமா நாற்காலியை விட்டு எழவில்லை. "இப்பக் கேக்கறேன். சொல்லுங்க" என்றாள். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுக்கும் வரை கேட்டாள். அப்போதுதான் அவர் சொன்னார்: இது பைத்தியமல்ல, விஷமுமல்ல, பழகிய உடம்பு மருந்தைத் தேடும் தவிப்பு. மீண்டும் தொடங்கி, உடம்பு நிலைப்பட்டதும், தன் கண்காணிப்பில், மாதக்கணக்கில், சிறிது சிறிதாக இறங்க வேண்டும். பழைய நோய் தலைகாட்டினால் இறங்குவதை நிறுத்திக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சில நாட்களில் ஷாக் தணிந்தது. இப்போது அவள் இறங்கிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு முறை அளவு குறையும்போதும் கொஞ்சம் வியர்க்கிறது. கொஞ்சம் தலை ஆடுகிறது. புடவை எடுத்துத்தரும் வேலையைத் தோழி மேனகா சில நாள் வாங்கிக்கொள்கிறாள், ஏன் என்று தெரிந்தே. மாமன் அந்த வீட்டுப் படியேறுவதில்லை. தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து, "எங்கக்கா பொண்ணு ஒரு மாதிரி" என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சென்ற வாரம் அன்னக்கிளி வீட்டுக்குள் வந்தாள். சின்னப்பாப்பாவின் கை பழக்கத்தில் மாத்திரைப் பட்டையை எடுத்துப் பருப்பு டப்பாவுக்குள் திணித்தது. பூர்ணிமா டப்பாவைத் திறந்து, அதை எடுத்து, பருப்பைத் தட்டிவிட்டு, தண்ணீர்க் குடத்தின் மூடிமேல் வைத்தாள்.

"என்னாடி அது?" என்றாள் அன்னக்கிளி.

பூர்ணிமா தாயைப் பார்த்தாள். சின்னப்பாப்பா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"மனசுக்கு மாத்தரடி."

கூரை இடிந்து விழவில்லை. அன்னக்கிளி தன் பங்குக்கு, "எந் தங்கச்சி மருமவளும் செவுத்தப் பாத்துதான் படுத்துக் கெடக்கா. எந்த டாக்டரு?" என்று கேட்டாள்.

சாட்சிகளே, பார்த்தது போதும். உங்கள் சமையலறையிலும் ஒரு டப்பா இருக்கிறது. உங்கள் தெருவிலும் ஒரு மாமன் இருக்கிறார். உங்கள் மருத்துவரும் கேட்டால்தான் சொல்கிறவராக இருக்கலாம். எனவே கேளுங்கள்: மருந்தைத் தொடங்கும் நாளிலேயே அதை நிறுத்தும் வழியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள். பிறர் மாத்திரையில் கைவைக்கும் கையைப் பிடித்து நிறுத்துங்கள், அது தாய்மாமன் கையானாலும். ஒரு பெண்ணை அட்டையோடு கொல்லைப்புறம் அனுப்பும் கூடத்தில் காப்பி குடிக்காதீர்கள். எழுந்து எதிர்த்துப் பேசுங்கள்.

இப்போது வீட்டுக்குப் போங்கள். போய், அந்த டப்பாவைத் திறந்து, உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வைத்து, அதன் பெயரை உரக்கச் சொல்லுங்கள்!